துவாரகாவில் மலை இல்லை

துவாரகாவில் மலை கிடையாது. மேடு என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. கடல் மட்டத்துக்கு மேல் இருநூற்றுச் சொச்சம் மீட்டரில், தில்லி வளர்ச்சி ஆணையம் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்ட சமதரை. மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டுதான் இந்த ஊரின் அதிகபட்ச ஏற்றம். ஆனால் காலை ஆறு மணிக்கு எங்கள் செக்டர் பூங்காவுக்கு வந்து, முகங்களை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். பனியில் நடக்க, சேற்றில் ஓட, சரளைச் சரிவில் இறங்க என்று பிறந்த காலணிகளெல்லாம் சிமென்ட் பாதையில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட பி பிளாக் பெரியவர் கணுக்காலை மூடிய மலையேற்ற பூட்ஸில் வருகிறார். மகன் டொராண்டோவிலிருந்து அனுப்பியதாம். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்யும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் காலில் இருப்பது அப்ரோச் ஷூ.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாறை ஏறுகிறவர்களுக்கு இரண்டு ஜோடி தேவைப்படுகிறது. ஏறும்போது போடுவது விரல்களை மடக்கிப் பிடித்து வைத்திருக்கும் இறுக்கமான ஷூ. அதைப் போட்டுக்கொண்டு டீக்கடை வரைகூட நடக்க முடியாது. வண்டி நிற்கிற இடத்திலிருந்து பாறையின் அடிவாரம் வரை ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ உருட்டுக் கற்களின் மேலும் புதருக்குள்ளும் போக வேண்டுமே, அதற்கென்று உண்டானதுதான் அப்ரோச் ஷூ. 1985-இல் அமெரிக்காவில் சார்லஸ் கோல் என்ற பாறையேறி ஃபைவ் டென் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். பாறையைப் பற்றிக்கொள்ளும் ஒருவகை ரப்பரை அடியில் ஒட்டி, மேலே டென்னிஸ் ஷூ தோற்றத்தில் ஒன்றைச் செய்து விற்றார். இத்தாலிக்காரர்களின் லா ஸ்போர்ட்டிவா, ஸ்கார்ப்பா என்று அந்த வம்சம் பெருகி, இன்றைக்கு மலைக்கும் ஆகும் மாலுக்கும் ஆகும் என்ற சிபாரிசோடு கடை அலமாரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரே ஜோடி எல்லாவற்றுக்கும் ஆகும் என்பதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு இத்தனை காலம் பிடித்ததா? எங்களிடம் இருந்ததே ஒரு ஜோடிதான். அதைத் திறமை என்று அப்போது யாரும் பாராட்டவில்லை. சம்பளம் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வந்து இறங்கியபோது என் காலில் ரப்பர் செருப்பு. வட ஆற்காடு மாவட்டம், செய்யாறு பக்கம், அதுவே பெரிய நாகரிகம். எங்கள் அப்பா போட்டிருந்தது லாரி டயரை வெட்டித் தைத்த செருப்பு. அது தேய்ந்து நான் பார்த்ததில்லை. வாரில் ஆணி போனால் ஆணியடிப்பார், அவ்வளவுதான். நான் வந்தது நவம்பர் கடைசி. செருப்போடு ஆபீஸ் போன என்னைப் பார்த்து, மதுரைக்காரரான செக்‌ஷன் ஆபீசர், "தம்பி, இந்த ஊர்ல குளிர் கால் வழியாத்தான் உள்ள வரும். மொதச் சம்பளத்துல மொதல்ல ஷூ வாங்குங்க. கம்பளியெல்லாம் அப்புறம்" என்றார்.

கரோல் பாக், அஜ்மல் கான் ரோடில் பாட்டா கடை. அந்தக் காலத்தில் ஷூ வாங்குவது ஒரு சடங்கு. நம்மை நாற்காலியில் உட்காரவைத்து, கடைக்காரர் எதிரே சாய்வான சின்ன ஸ்டூலில் அமர்ந்து, நம் காலைத் தூக்கி இரும்பு அளவுகோலில் வைத்து, நம்பரைச் சத்தமாகச் சொல்வார். உள்ளேயிருந்து பெட்டி வரும். ஊரில் யார் காலையும் யாரும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை என்பதால் கூச்சத்தில் நெளிந்தேன். விலை 95 பைசாவில் முடிந்தது. பாட்டா விலை என்றே அதற்குப் பெயர். பாட்டாவை இந்தியக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். 1894-இல் இன்றைய செக் நாட்டின் ஸ்லின் என்ற ஊரில் தோமாஸ் பாட்டா தொடங்கியது. 1931-இல் இங்கே வந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாட்டாநகர் என்று ஓர் ஊரையே 1934-இல் எழுப்பியது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் போடாவிட்டாலும், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் முதலில் பார்த்தது வாசலில் கிடந்த அந்தப் பெயரைத்தான்.

கறுப்புத் தோல், கயிறு கட்டுவது, தோல் அடி. அந்த ஒன்று என்னென்ன செய்தது என்று நினைத்தால் இப்போது மலைப்பாக இருக்கிறது. ஆபீஸ், கல்யாணம், நிகம்போத் காட் மயானம், ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு குதுப் மினார், ஒரே நாளில் ஆக்ரா போய்த் திரும்புதல், ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் கோவில். இவை போக, அன்றாடம் ஒரு தடகளப் போட்டியும் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்காத பஸ் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும். அந்த இடைவெளியில் கூட ஓடிப் பின்கதவுக் கம்பியைப் பிடித்துத் தொற்ற வேண்டும். தோல் அடியில் பிடிமானம் ஏது? போதாக்குறைக்குக் குதிகாலில் லாடமும் அடித்துக்கொள்வோம். லாடம் தேய்மானத்துக்குத்தான் நல்லது. மார்பிள் தரையில் வழுக்கி விடும். சாஸ்திரி பவனின் வராந்தாக்களில் அதிகாரிகள் நடந்து வருவது மூன்று திருப்பத்துக்கு முன்னாலேயே கேட்கும். தூங்குகிறவர்கள் எழுந்துகொள்ள அந்த நேரம் போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செர்ரி பிளாசம் பாலிஷ் போட்டுத் தேய்த்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வெயிலில் வைப்பேன். அன்று எங்கேயாவது போக வேண்டியிருந்தால் மறுபடி ரப்பர் செருப்பு.

மலைக்கென்று வேறு ஷூ உண்டு என்பதை ஆபீஸ் வங்காளி நண்பர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். சாணக்கியபுரியில் யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் தலைமையகம் இருக்கிறது. அவர்கள் கோடைதோறும் இமயமலை நடைப்பயணங்களுக்கு ஆள் சேர்ப்பார்கள். சாப்பாடு, கூடாரம், கம்பளி எல்லாம் சேர்த்து ஒரு கீழ்நிலை குமாஸ்தாவும் கட்டக்கூடிய பணம். கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியலில் ஹண்டர் ஷூ என்று இருந்தது. ராணுவப் பச்சையில் கணுக்கால் வரை கேன்வாஸ், அடியில் கட்டை கட்டையாக ரப்பர் பல். விலை மூன்று இலக்கத்தைத் தொடாது. குலு பக்கம் கணவாய் ஏறப் போனோம். பனி மிதித்த முதல் மணி நேரத்தில் கேன்வாஸ் நனைந்தது. அதற்கும் ஏற்பாடு இருந்தது: காலுறை, அதன் மேல் பாலித்தீன் பை, அதன் மேல் இன்னொரு காலுறை, அதன் மேல் ஷூ. இன்று பதினைந்தாயிரம் ரூபாய் பூட்ஸில் சவ்வு என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த வேலையை மதர் டெய்ரி பக்கத்துக் காய்கறிக்காரர் தந்த பை செய்தது. வியர்வை மட்டும் வெளியே போகாது. மாலையில் பையை உருவினால் சூப் ஊற்றலாம்.

திரும்பி வந்த பிறகு அந்த ஹண்டர் ஷூ ஓய்வு பெறவில்லை. மதர் டெய்ரியில் டோக்கன் போட்டுப் பால் பிடிக்க, ரேஷன் கடைக்கு, ஹோலிக்கு, வெள்ளையடிக்கிற நாளுக்கு என்று வருஷக்கணக்கில் உழைத்தது. மலைக்கும் தெருவுக்கும் ஒரே ஷூ.

இதற்கெல்லாம் மூத்தவள் எங்கள் பாட்டி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மலை என்றால் பர்வதமலை. கலசபாக்கம் அருகே, கடலாடியிலிருந்தும் ஏறலாம், தென்மாதிமங்கலத்திலிருந்தும் ஏறலாம். சுமார் 4,500 அடி. கீழே படிக்கட்டு, நடுவில் காட்டுப் பாதை, கடைசியில் மொட்டைப் பாறை. அந்தப் பாறையில் கடப்பாரையை அடித்து இறக்கிய படி, தண்டவாளத் துண்டு பதித்த படி, இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி. பௌர்ணமி இரவில் பாட்டி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வெறுங்காலில் ஏறுவாள். செருப்பு போட்டுக்கொண்டா மல்லிகார்ஜுனரைப் பார்க்கப் போவது? அவள் பாதத்தை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். குதிகாலைச் சுற்றி வெடிப்பு, ஓரத்தில் கறுத்துப் பழுத்த தோல், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விசிறிக் கிடக்கும். நெருஞ்சி முள் குத்தினால் தேய்த்துத் தட்டிவிட்டுப் போவாள். கடப்பாரைப் படியில் அவள் பெருவிரலும் அடுத்த விரலும் இரும்பைப் பிடிக்கும், நிஜமாகவே பிடிக்கும். இத்தாலியில் இதே மாதிரி இரும்புப் படியும் கம்பியும் போட்ட பாறை வழிகளுக்கு வியா ஃபெராட்டா என்று பெயர். ஹெல்மெட் போட்டு, இடுப்பில் கயிறு மாட்டி, அப்ரோச் ஷூ அணிந்துதான் அங்கே ஏற வேண்டும் என்று வழிகாட்டிப் புத்தகம் சொல்கிறது. பாட்டி இடுப்பில் முடிந்திருந்தது வெற்றிலைப் பை.

துவாரகாவுக்கு வருவோம். அப்போது பப்பன்கலான் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். ஆபீஸ்காரர்கள் சேர்ந்து கூட்டுறவு வீட்டுச் சங்கம் தொடங்கி, தவணை கட்டி, குலுக்கலில் மாடி எண் விழுந்து, சாவி கையில் வந்தபோது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. வீடு தயார், ரோடு தயாரில்லை. சுற்றிலும் கடுகு வயலும் கருவேலமும். தலைக்கு மேல், பாலம் விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தின் வயிற்றில் எழுத்தைப் படிக்கலாம். மழைக்காலத்தில் கேட்டைத் தாண்டினால் களிமண். ஆண்கள் எல்லோரும் ரப்பர் செருப்பில், பாண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, கையில் பாலித்தீன் பையோடு பஸ் ஏறப் போவோம். பையில் ஆபீஸ் ஷூ. பஸ் நிறுத்தத்தில் வரிசையாக நின்று ஒற்றைக்காலில் மாற்றிக்கொள்வோம். இணைச் செயலாளர்கூட ஒருவர் எங்கள் வரிசையில் உண்டு. ஒற்றைக்காலில் நிற்கும்போது பதவி தெரியாது. 2005 டிசம்பர் 31-இல் மெட்ரோ துவாரகாவைத் தொட்டு, அடுத்த ஏப்ரலில் செக்டர் 9 வரை வந்த பிறகு இந்தக் கூட்டம் கலைந்தது. மனைவிமார்கள் மெட்ரோவை விட, சேறு போனதற்குத்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்கள்.

இனி இப்போதைய கதை. மகள் குருகிராமில் வேலை. வாரநாளில் ஏசி அறைக்குள் செயற்கைச் சுவரில் ஏறுகிறாள். வார இறுதியில் ஃபரீதாபாத் தாண்டி தௌஜ் பாறைகளுக்குப் போகிறாள். போன குளிர்காலத்தில் என் கால்களைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஒரே ஷூ போதும். வாக்கிங், மலை மந்திர், குமாவுன் ட்ரிப், எல்லாத்துக்கும்."

"இப்ப இருக்கறதுக்கு என்ன கேடு?"

"அது ரன்னிங் ஷூப்பா. நீங்க ஓடறீங்களா?"

வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் ஒரே ஜோடி போதும் என்று உபதேசிக்கிற அவளுடைய அலமாரியில் ஆபீசுக்கு, ஜிம்முக்கு, ஓட்டத்துக்கு, பாறைக்கு, கல்யாணத்துக்கு, கடற்கரைக்கு என்று தனித்தனியே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆகிற ஜோடி ஏழாவதாக வருகிறது. சிக்கனமாக வாழ நிறையச் செலவாகும் காலம் இது.

கடையில் ஒரு சுவர் முழுக்க ஷூ. பையன் "அங்கிள்ஜி, யூஸ் கேஸ் க்யா ஹை?" என்றான். எனக்குத் தெரிந்து ஷூவுக்கு ஒரே ஒரு யூஸ் கேஸ்தான். மகள் பதில் சொன்னாள். அடுத்த முக்கால் மணி நேரம் அவர்கள் இருவரும் பேசியதில் உருப்படியானதைச் சொல்கிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

ஷூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே பல் இல்லாமல் வழவழவென்று ஒரு பகுதி இருந்தால்தான் அது அசல். பாறை விளிம்பில் நுனிக்காலை வைத்து நிற்பதற்கு அந்த இடம். சுற்றிலும், கார் பம்பர் மாதிரி ஒரு ரப்பர் பட்டை விரல் முனையை மூடியிருக்க வேண்டும். கயிறு விரல் அடி வரைக்கும் இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் நடக்கும்போது தளர்த்தி, ஏறும்போது இறுக்க முடியும். கையால் வளைத்தால் முன்பாதி மட்டும் மடங்க வேண்டும், நடுவில் துணி போல மடங்கினால் மலைக்கு ஆகாது, மடங்கவே மடங்காவிட்டால் மெட்ரோவுக்கு ஆகாது. மாலையில் போய் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். கடையில் சரிவுப் பலகை வைத்திருப்பார்கள். அதில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய் முட்டினால் ஒரு நம்பர் மேலே.

தண்ணீர் புகாத சவ்வு வைத்த ரகத்தைப் பையன் மிகவும் சிபாரிசு செய்தான். நான் மறுத்தேன், மகளும் ஆமோதித்தாள். தில்லியில் ஜூன் மாதம் 45 டிகிரி. ஜூலையில் தண்ணீர் அடியிலிருந்து வராது, கணுக்காலுக்கு மேலிருந்து உள்ளே வரும். வந்த தண்ணீரை அந்தச் சவ்வு பத்திரமாக உள்ளேயே வைத்துக்கொள்ளும். அந்த அனுபவம் எனக்குக் காய்கறிப் பையிலேயே ஆகிவிட்டது. தோலா வலைத்துணியா என்ற கேள்விக்கும் இதே பதில்தான். மலையில் உரசலுக்குத் தாங்குவது மெல்லிய தோல். துவாரகா வெயிலுக்கு வலைத்துணி. இரண்டுக்கும் ஒன்றே என்று சொல்லிவிட்டார்களே தவிர, எங்கேயோ ஒரு பக்கம் விட்டுக்கொடுக்காமல் முடிவதில்லை.

என் தொல்லை அகலம். நீளத்துக்கு எட்டு சரி, அகலத்துக்குப் பத்து வேண்டும். இந்த நம்பர்கள் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு பார்லி மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒன்று. வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்து விசிறிப்போன பாதத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணத்தில் அளந்தது. நம் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலம் என்று கண்டு, குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவாக 'பா' என்ற புதிய அளவுமுறையைச் சிபாரிசு செய்திருக்கிறது. பாட்டியின் காலைப் பார்த்தவர்களுக்கு மிஷின் தேவைப்பட்டிருக்காது. பையனிடம் இந்த விவரத்தைச் சொன்னேன். "வைட் ஃபிட் ஸ்டாக் நஹீ ஹை, அங்கிள்ஜி" என்றான்.

கடைசியில் அகலமாக ஒன்று கிடைத்தது. பில்லை வாங்கிப் பார்த்தேன். கணக்குத் துறையில் வேலை பார்த்தவனுக்கு ஷூவை விட பில்தான் முதலில் கண்ணில் படும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதைத் தாண்டினால் 18. எங்களுடையது எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. அரசாங்கக் கணக்கில் 2,500-க்குக் கீழே இருப்பது கால் மூடுவது, மேலே இருப்பது சொகுசு. என் முதல் பாட்டா இரண்டுமாக இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. நான் செருப்போடு கிளம்பி வந்த அதே செய்யாற்றில் இப்போது சிப்காட். தைவானின் ஃபெங் டே குழுமத்தின் தொழிற்சாலை அங்கே நைக்கிக்கு ஷூ செய்து கப்பலில் அனுப்புகிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகும். போன முறை ஊருக்குப் போனபோது, சித்தப்பா பேத்தி அப்படி ஒரு பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். "பெரியப்பா, உங்க ஷூ மேல்பாகம் தைச்சது நல்லா இல்ல, இழை பிரியும்" என்று என் பழைய ரன்னிங் ஷூவை ஒரே பார்வையில் சொன்னாள். காலில் ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். "வேலை பாக்கறப்ப இதுதான் சௌகரியம்" என்றாள். ஒரு காலத்தில் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஷூ தைத்தவர்கள் கதையும் இதுதான்.

சரி, அப்ரோச் ஷூ எப்படி? ஒத்துக்கொள்ள வேண்டும், நன்றாகத்தான் இருக்கிறது. அதை முதலில் உணர்ந்தது மலையில் இல்லை, எங்கள் செக்டர் நடைபாதையில். நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை சொல்கிறது. எங்கள் சந்தைப் பக்கம் அது என் முழங்காலைத் தேடி வருகிறது. ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு இறக்கம், மறுபடி ஓர் ஏற்றம். நடுவில் பெயர்ந்த டைல்ஸ், மூடி போன பள்ளம், சங்கிலி போட்ட ஸ்கூட்டர், மின்வாரியப் பெட்டி. இதைக் கடக்க, விளிம்பில் நுனிக்கால் வைத்து நிற்கிற ஷூ எவ்வளவு தோதானது என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். ஃபைவ் டென் சார்லஸ் கோல் துவாரகாவைப் பார்த்ததில்லை என்று நம்ப முடியவில்லை.

தௌஜுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனாள். இமயமலையை விடப் பல மடங்கு வயதான ஆரவல்லியின் மிச்சம். குவார்ட்சைட் பாறை, வெயிலில் எண்ணெய் தடவியது போல மின்னும். சாய்ந்த பலகைப் பாறை ஒன்றில் பயந்துகொண்டே முன்காலை ஊன்றினேன். பாட்டா தோல் அடியாக இருந்தால் அன்றே என் பென்ஷன் குடும்பப் பென்ஷனாக மாறியிருக்கும். இது அசையவில்லை. அந்த ரப்பர் அமுங்கிப் பாறையின் சொரசொரப்புக்குள் இறங்கிப் பிடிக்கிறது. எடுக்கும்போது லேசாக ஒட்டி விடுவது காலுக்குத் தெரிகிறது. கடப்பாரைப் படியில் பாட்டியின் விரல் செய்த வேலையை, விலை கொடுத்து வாங்கிய ரப்பர் செய்கிறது.

அடிவாரத்தில் இளைஞர்கள் எல்லோரும் அப்ரோச் ஷூக்களைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, குழந்தைகள் ஷூ அளவுக்குச் சின்னதான ஏறும் ஷூக்களில் முனகிக்கொண்டே காலை நுழைத்தார்கள். "அங்கிள், குரங்கு வரும், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரில் தொற்றினார்கள். இரண்டு மணி நேரம், லட்ச ரூபாய்க்குக் கிட்ட மதிப்புள்ள காலணிகளுக்கு நான் காவல். மலை மந்திரில் செருப்பு வைக்கும் இடத்தில் டோக்கன் கொடுப்பவராவது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

மலை மந்திர் என்றதும் ஞாபகம் வருகிறது. 1973-இல் குடமுழுக்கு நடந்த அந்தச் சுவாமிநாத சுவாமி கோவில்தான் தில்லித் தமிழர்களுக்குக் கிடைத்த ஒரே மலை. இந்த ஷூவை வாங்க மகள் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. நிஜமான பாறைக் குன்று, நிஜமான ஏற்றம். ஆனால் ஷூவைக் கீழேயே கழற்றிவிட வேண்டும். அந்தக் காலத்தில் கோவில் வாசல்களில் ஒரு தந்திரம் உண்டு: வலதுகால் ஷூவை ஒரு தூண் ஓரமும் இடதுகால் ஷூவை எதிர்ப்பக்கமும் வைத்துவிட்டுப் போவோம், ஒற்றையை யாரும் எடுக்க மாட்டார்கள். பழைய பாட்டாவுக்கே அப்படி என்றால், இதை என்ன செய்ய? மனைவி யோசனை சொன்னாள். இப்போது கோவிலுக்கு ரப்பர் செருப்பில்தான் போகிறேன்.

ஒரு குறை சொல்லாமல் விடக் கூடாது. பாறையைப் பிடிக்கிற ரப்பர் மிருதுவானது. மிருதுவானது சிமென்ட்டில் தேயும். வருஷம் திரும்பவில்லை, குதிகால் வெளிப்பக்கமும் முன்னங்கால் பந்துப் பகுதியும் வழுக்கை. மலையில் தேய்ந்ததல்ல, செக்டர் பூங்காவிலும் மெட்ரோ படியிலும் தேய்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றின் அடியைப் பிரித்து வேறு ஒட்டித் தருகிற பட்டறைகள் உண்டு. எனக்கு இருப்பது சந்தை மூலையில் அரசமரத்தடியில் செருப்புத் தைக்கும் மோச்சி. ராஜஸ்தான்காரர், என் வயது இருக்கும். ஷூவைத் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய் ரப்பரை முகர்ந்து பார்த்தார். பிறகு என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

விப்ராம் அடி என்று மலையேறிகள் கொண்டாடுவதற்கு ஒரு கதை உண்டு. 1935-இல் ஆல்ப்ஸில் சரியான காலணி இல்லாமல் தன் நண்பர்கள் ஆறு பேர் இறந்ததைப் பார்த்த விட்டாலே பிராமனி என்ற இத்தாலியர், பிரெல்லி டயர் கம்பெனியின் உதவியோடு 1937-இல் பல் வைத்த ரப்பர் அடியைக் கொண்டுவந்தார். 1954-இல் கே-2 உச்சியில் முதலில் பதிந்தவை அந்தப் பற்கள்தான். இதை மோச்சிக்கு என் ஹிந்தியில் சொன்னேன். டயர் என்ற சொல்லை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார். பெட்டிக்கு அடியில் கைவிட்டு ஒரு கறுப்புத் தகட்டை எடுத்து என் முன் போட்டார்.

"யே லீஜியே. பத்து வருஷம் தேயாது, பாபுஜி."

என்ன டயர் என்று கேட்டேன். திருப்பி, ஓரத்தில் பாதி அழிந்திருந்த எழுத்தைக் காட்டினார். எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய நம்ம ஊர்க் கம்பெனி. மகளுக்கு போன் போட்டேன். "அப்பா, அதைப் போட்டா கிரிப் போயிடும், அது அப்ரோச் ஷூவே இல்லாம ஆயிடும்" என்று அலறினாள்.

குதிகாலுக்கு மட்டும் டயர், முன்னங்கால் வழுவழுப்பைத் தொட வேண்டாம் என்று முடிவாயிற்று. இருநூற்றைம்பது கேட்டார். நூற்றெண்பதுக்கு இறங்கினார். ஜி.எஸ்.டி. கிடையாது.